நவம்பர் 12: கரையைக் கடந்த இரண்டு புயல்கள்

வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாகக் கடலோரக் கிராமங்களிலும் காவிரிப் படுகை ஊராட்சிகளிலும் பேரிடர் முன்னேற்பாட்டுப் பயிற்சி நடத்துவது என் வேலை. எந்த ஊருக்குப் போனாலும் முதலில் வரும் கேள்வி, புயல் எப்போது கரையைக் கடக்கும் என்பதுதான். அந்த நேரம் தெரிந்தால் எல்லாம் தெரிந்துவிட்டதாகவும், கடந்துவிட்டது என்று தொலைக்காட்சி சொன்னவுடன் ஆபத்து நீங்கிவிட்டதாகவும் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். ஆகவே கரும்பலகையில் நவம்பர் 12 என்று எழுதி, அதன் கீழ் 1970, 1977 என்று இரண்டு ஆண்டுகளைக் குறித்துவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பேன்.

அப்போது கிழக்குப் பாகிஸ்தானாக இருந்த வங்கதேசத்தில், மேக்னா ஆற்றின் முகத்துவாரத்தை 1970 நவம்பர் 12 இரவு தாக்கிய போலா புயலில் சுமார் 3 லட்சம் பேர் இறந்தார்கள். பதிவான வெப்பமண்டலப் புயல்களிலேயே மிக அதிக உயிர்களைப் பறித்தது இதுதான் என்று உலக வானிலை அமைப்பு 2017-இல் அறிவித்தது. அவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது காற்று அல்ல, ஊருக்குள் ஏறிய கடல். புயலின் மையத்தில் காற்றழுத்தம் ஒரு மில்லிபார் (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) குறைந்தால் கடல்மட்டம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் உயரும் என்பது கணக்கு. ஆனால் அது சிறு பங்குதான். மணிக்கணக்காகக் காற்று தள்ளிக்கொண்டு வரும் நீர், ஆழ்கடலாக இருந்தால் அடிப்பக்கமாகத் திரும்பிவிடும். ஆழம் குறைந்து, புனலைப் போல ஒடுங்கிக்கொண்டே போகும் வங்கக் கடலின் வடமுனையில் அதற்குப் போக்கிடம் இல்லாததால் மேலேதான் ஏறும். மறுநாள் பௌர்ணமி என்பதால் ஓதமும், அதாவது கடல்நீர் அன்றாடம் ஏறி வற்றுவதும், உச்சத்தில் இருந்தது. நீர் 6 முதல் 10 மீட்டர் வரை எழும்பியதாக மதிப்பிடுகிறார்கள்.

புயல் வருவது அந்த மக்களுக்குத் தெரியாமல் இல்லை. மிகப் பலர் எச்சரிக்கையைக் கேட்டிருந்தார்கள்; உறுதியான கட்டடங்களுக்குப் போனவர்கள்தான் மிகச் சிலர். என்ன வரப்போகிறது, எவ்வளவு உயரத்துக்கு வரப்போகிறது என்று சொல்லாத எச்சரிக்கையைக் கேட்டு யார் வீட்டைவிட்டுக் கிளம்புவார்கள்? பின்னர் அங்கே கள ஆய்வு செய்த மருத்துவ ஆய்வாளர்கள் ஆல்ஃபிரட் சோமரும் மோஸ்லியும், பிழைத்தவர்களின் மார்பிலும் கைகளிலும் தொடைகளிலும் தோல் உரிந்த காயங்களைக் கண்டார்கள். நீர் வடியும்வரை மரத்தைக் கட்டிப்பிடித்துத் தொங்கியதால் ஏற்பட்ட காயங்கள் அவை. அந்தப் பிடிக்கு வலுவில்லாத குழந்தைகளும் முதியவர்களுமே அதிகமாக இறந்தார்கள். பயிற்சியில் இதைச் சொல்லும்போது, பின்வரிசையில் பேசிக்கொண்டிருப்பவர்களும் நிறுத்திவிடுவார்கள்.

ஏழு ஆண்டுகள் கழித்து, அதே தேதியின் அதிகாலையில், நாகப்பட்டினத்துக்குச் சற்றுத் தெற்கே ஒரு புயல் கரையைக் கடந்தது. இதில் 560 பேர் இறந்தார்கள். 10 லட்சம் பேர் வீடிழந்தார்கள். 23,000 கால்நடைகள் மடிந்தன. மணிக்கு சுமார் 120 கிலோமீட்டர் வேகக் காற்று தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டைப் பகுதிகளில் வீசியது. திருச்சி கடலிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கும் ஊர். படுகை தட்டையான நிலம், குறுக்கே மலை கிடையாது. நவம்பரில் வயல்களில் நீர் நிற்கும் என்பதால் புயலுக்கு வலுவூட்டும் ஈரமும் உடனே அற்றுப்போவதில்லை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கடந்த கஜா புயலும் இதே வழியில் உள்ளே போய்ப் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. புதுக்கோட்டை மாவட்டப் பயிற்சி ஒன்றில் ஒரு விவசாயி, "நாகப்பட்டினத்துல கடந்துடுச்சுன்னு கேட்டுட்டுத்தான் சார் நிம்மதியாப் படுத்தோம்" என்றார். அவருடைய தோப்பில் அன்று மிஞ்சியவை ஏழு மரங்கள்.

ஆகவே எச்சரிக்கை வந்தால் நேரத்தோடு வேறு சிலவற்றையும் கேட்கச் சொல்கிறேன். கடலோரத்தில் இருப்பவர்கள், கடல் எத்தனை மீட்டர் ஏறும், அந்த நேரத்தில் ஓதம் ஏறுமா வற்றுமா என்று கேட்க வேண்டும். மீனவர்களுக்கு ஓதக் கணக்கை நான் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை, அவர்களிடமிருந்து நான்தான் கற்றுக்கொண்டேன். கோடியக்கரைக்கு வடக்கே உள்ள நம் கடற்கரையில், மேற்கு நோக்கி வரும் புயலின் மையத்துக்கு வடக்கே காற்று கடலிலிருந்து கரைக்கு வீசுவதால் நீர் ஏறும். தெற்கே கரையிலிருந்து கடலுக்கு வீசுவதால் நீர் உள்வாங்கும். ஆகவே மையத்துக்கு எந்தப் பக்கம் இருக்கிறோம் என்பது அதன் தூரத்தைப் போலவே முக்கியம். உள்மாவட்டத்தில் இருப்பவர்கள், புயல் வலுவிழக்கும் இடம் எது, தங்கள் வட்டத்தில் காற்று எத்தனை மணிவரை நீடிக்கும் என்று கேட்க வேண்டும்.

மையம் நேராக ஊரின் மேல் வந்தால் காற்று சட்டென்று நின்றுவிடும். சில நேரம் வானம் வெளுத்து நட்சத்திரமும் தெரியும். மாட்டை அவிழ்க்கவும் கூரையைப் பார்க்கவும் ஆட்கள் வெளியே வருவது அப்போதுதான். அந்த அமைதி சில நிமிடங்களும் இருக்கலாம், அரைமணி நேரமும் இருக்கலாம். அது முடிந்ததும் காற்று எதிர்த்திசையிலிருந்து அதே வேகத்தில் அடிக்கும். முதல் காற்றுக்கு வேர் அசைந்தும் விழாமல் நின்ற மரங்கள் பலவும் இந்த இரண்டாம் காற்றில்தான் விழுகின்றன.