கரந்துறை: ‘ஹிட்டன் ஆப்ஜெக்ட்’ விளையாட்டுக்கு ஒரு தமிழ்ப் பெயர்

மயிலாடுதுறைப் பக்கம் எங்கள் பழைய வீட்டுத் திண்ணையில், லீவுக்கு வந்த அண்ணன் மகள் டேப்லெட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். திரையில் ஆளில்லாத ஒரு மாளிகை, அதில் தட்டுமுட்டுச் சாமான் குவிந்த அறை, கீழே பன்னிரண்டு பொருள்களின் பட்டியல். பதினொன்று அகப்பட்டுவிட்டது. சாவியை மட்டும் காணோம். கால்மணி நேரம் துழாவிய பிறகுதான் தெரிந்தது, சுவர்க் கடிகாரத்தின் பெரிய முள்ளே அந்தச் சாவிதான்.

“சித்தப்பா, ஹிட்டன் ஆப்ஜெக்ட் கேமுக்குத் தமிழ்ல என்ன?”

கணினியில் இந்த வகையைப் பரவலாக்கியது 2005-இல் வந்த ‘மிஸ்டரி கேஸ் ஃபைல்ஸ்: ஹன்ட்ஸ்வில்’. அடுத்த ஆண்டு அதே வரிசையில் ‘ரேவன்ஹர்ஸ்ட்’ என்ற மர்ம மாளிகை வந்தது. 2008-இல் ‘ரிட்டர்ன் டு ரேவன்ஹர்ஸ்ட்’ ஆட்டக்காரர்களை மறுபடி அங்கேயே கூட்டிப்போனது. இந்த முறை பட்டியலைப் பார்த்துத் தேடினால் மட்டும் போதாது. அறை அறையாக நடக்க வேண்டும், கிடைத்த பொருளை வைத்து அடுத்த பூட்டைத் திறக்க வேண்டும். அப்படித்தான் ‘அட்வென்சர்’ என்ற வாலும் சேர்ந்தது. அதற்குச் சாகசம், ‘பஸில்’ என்றால் புதிர், ‘சீக்குவல்’ என்றால் இரண்டாம் பாகம். இவற்றில் தகராறு இல்லை. சிக்கல் முதல் இரண்டு சொற்களில்தான்.

‘ஹிட்டன்’ பழைய ஆங்கிலச் சொல், ஒளித்த என்று பொருள். ‘ஆப்ஜெக்ட்’ லத்தீனிலிருந்து வந்தது; வேர்ப்பொருள், எதிரே எறியப்பட்டது. சேர்த்துப் பார்த்தால் முரண் மாதிரி இருக்கும். ஆனால் விளையாட்டே அதுதானே? கண்ணெதிரே கிடப்பதுதான் ஒளிந்திருக்கிறது. மடியில் பாக்குவெட்டியை வைத்துக்கொண்டு பத்தாயத்துக்குப் பின்னால் தேடச் சொல்லும் என் அம்மாவுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

‘மறைபொருள்’ என்று எழுதலாமா? அது தத்துவத்துக்கும் கவிதைக்கும் போய்விட்ட சொல். கேட்டதும் உட்கருத்து என்றுதான் படும். ‘ஒளிபொருள்’ என்றால் விளக்கு நினைவுக்கு வரும்.

எனக்குப் பிடித்தது ‘கரந்துறை’. கரத்தல் என்றால் மறைத்தல், மறைதல். ‘காக்கை கரவா கரைந்துண்ணும்’ என்ற குறளில் (527) வருவது இதே சொல்தான்: காக்கை கிடைத்த இரையை ஒளிக்காமல் கூவி உண்ணும். பேச்சில் இப்போது ‘ஒளிச்சு வை’ வந்துவிட்டது, கரத்தல் ஏட்டோடு நின்றுவிட்டது. (தஞ்சாவூர்க் கரந்தைக்கும் இதற்கும் உறவில்லை. அது கருந்திட்டைக்குடியின் சுருக்கம்.) உறைதல், தங்கியிருத்தல். ஆக, மறைந்து தங்கியிருப்பது.

தண்டியலங்காரம் என்ற அணியிலக்கண நூல் சொல்லும் சித்திரகவி (எழுத்துகளை வைத்து விளையாடும் பாட்டு) வகைகளில் ஒன்றின் பெயரே ‘கரந்துறைச் செய்யுள்’. ஒரு பாட்டின் எழுத்துகளுக்குள் இன்னொரு பாட்டு ஒளிந்திருக்கும். எந்த எழுத்தும் மூடப்பட்டிருக்காது, எல்லாம் கண்ணில் படும். வேண்டியதைப் பொறுக்கிச் சேர்ப்பவருக்கே இரண்டாவது பாட்டு கிடைக்கும். கடிகார முள்ளாகிப்போன சாவிக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தோன்றவில்லை. இந்த மாதிரிச் சொல் விளையாட்டு டெல்டாவுக்குப் புதிதும் இல்லை. முழுப் பாட்டையும் பின்னாலிருந்து படித்தாலும் அதே பாட்டாக வரும், ‘யாமாமாநீ யாமாமா’ என்று தொடங்கும் மாலைமாற்றைப் பாடிய சம்பந்தர் பிறந்த சீர்காழி, எங்களுக்குப் பக்கத்து ஊர்தான்.

சரி, விளையாட்டு ‘கரந்துறை ஆட்டம்’, அதில் தேடுவது ‘கரந்துறை பொருள்’ என்று முடிவு பண்ணி அவளிடம் சொன்னேன்.

“கரந்துறையா? மயிலாடுதுறைக்கு அடுத்த ஸ்டாப் மாதிரி இருக்கு சித்தப்பா.”

அது ‘துறை’ இல்லை, கரந்து, உறை என்று நான் பிரித்துச் சொல்வதற்குள் அந்தச் சாவியைப் போட்டு அடுத்த அறையைத் திறந்துவிட்டாள்.