தேன்சிட்டுக் குஞ்சுக்குத் தேன் ஊட்டாதீர்கள்

நேற்றும் ஒன்று வந்தது. செருப்புப் பெட்டிக்குள் பஞ்சு, பஞ்சின் நடுவே கண் திறந்து சில நாளே ஆன குஞ்சு. மார்பு இறகெல்லாம் பிசுபிசுவென்று ஒட்டி, அதில் எறும்பு. "ஹம்மிங்பேர்டு குஞ்சு டாக்டர். இங்க் ஃபில்லர்ல தேன் கொடுத்தோம், சுத்தமான மலைத்தேன்தான்" என்றார் அந்த அம்மா. ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே களகளவென்று சத்தம். தேன் நுரையீரலுக்குப் போயிருந்தது. ராத்திரி தாண்டவில்லை. பாசத்தோடு ஊட்டியிருக்கிறார்கள், அதனால்தான் எனக்கு மனசு ஆறவில்லை.

ஹம்மிங்பேர்டு அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே உண்டு. அது அந்தரத்தில் நின்றபடி தேன் குடிக்கும், பின்பக்கமாகவும் பறக்கும். நம் செம்பருத்திக்கு வருவது தேன்சிட்டு. வேறு குடும்பம், பெரும்பாலும் காம்பைப் பற்றி உட்கார்ந்துதான் உறிஞ்சும். வீட்டுப் பக்கம் அதிகம் தென்படுவது ஊதாப்பிட்டு தேன்சிட்டு. 10 செ.மீ. நீளம், எடை 10 கிராம்கூட இல்லை. ஆணுக்கு உச்சந்தலையில் பச்சை மினுமினுப்பு, தொண்டை ஊதா, வயிறு மஞ்சள். பெண்ணுக்குத் தொண்டை சாம்பல். இவ்வளவு சின்ன உடம்புக்கு மருந்தை நீர்த்து, இன்சுலின் சிரிஞ்சில்தான் அளப்பேன். நீங்கள் ஃபில்லரில் ஊற்றுகிறீர்கள்!

பெயரில் தேன் இருப்பதால் உணவும் தேன்தான் என்று நினைத்துவிடுகிறோம். கூட்டை ஒரு அரைமணி நேரம் தள்ளி நின்று பாருங்கள். தாய் அலகில் கொண்டு வருவது சிலந்தி, சின்னப் புழு, பூச்சி. புரதம் இல்லாமல் குஞ்சுக்கு இறகு எப்படி முளைக்கும்? வளர்ந்த தேன்சிட்டே தேனோடு பூச்சியும் தின்னும். சரி, ஹம்மிங்பேர்டாகவே இருந்தாலும் அதுவும் தன் குஞ்சுக்குப் பூச்சி ஊட்டும். சர்க்கரைத் தண்ணீர், பால், பிரெட், எதுவும் வேண்டாம்.

குஞ்சு விழுந்திருந்தால் கூட்டிலேயே திரும்ப வையுங்கள். மனிதக் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது பொய். கூடு அறுந்திருந்தால் சின்னக் கூடையில் வைத்து அதே இடத்தில் கட்டுங்கள், பூனைக்கு எட்டாமல். ஓரிரு மணி நேரம் தாய் வராவிட்டால், துளை போட்ட பெட்டியில் கதகதப்பாக வைத்து வனத்துறைக்கோ பறவை பார்க்கும் மருத்துவருக்கோ போன் செய்யுங்கள். வீட்டில் வளர்ப்பது 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.

அப்புறம், துணிக்கொடியில் சிலந்திவலையும் சருகும் சேர்த்துப் பை போலத் தொங்கினால் அது தேன்சிட்டுக் கூடு, தயவுசெய்து குப்பை என்று அறுக்காதீர்கள். முட்டையிலிருந்து குஞ்சு பறக்கும்வரை ஏறக்குறைய ஒரு மாதம்தான். அதுவரை துணியை மொட்டைமாடியில் காயப்போடுங்கள்.