செஞ்சிலுவைச் சங்கத்திடம் என்ன கேட்கலாம், என்ன கேட்க முடியாது

இந்தியச் செஞ்சிலுவைச் சங்கத்தின் தலைவர் குடியரசுத் தலைவர். நிர்வாகக் குழுவின் தலைமை மத்திய சுகாதார அமைச்சரிடம் இருக்கிறது. மாநிலக் கிளைக்கு ஆளுநர் தலைவர், மாவட்டக் கிளைக்கு கலெக்டர். மேலிருந்து கீழ்வரை அரசுப் பதவிகளாகவே இருப்பதால், இதை ஒரு அரசுத் துறை என்றே பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். அதனால்தான் வெள்ள நிவாரணப் பணம் வராவிட்டால் ரெட் கிராஸைத் திட்டுகிறார்கள். உறுப்பினராகச் சேரச் சொன்னால், "அரசாங்கமே பணம் தருமே, நான் எதற்கு?" என்று கேட்கிறார்கள். சங்கம் உண்மையில் எங்கே நிற்கிறது என்று தெரிந்தால் இந்த இரண்டு குழப்பமும் தீரும்.

முதல் உலகப் போரின்போது இங்கே காயம்பட்ட படைவீரர்களைக் கவனித்தது பிரிட்டிஷ் அமைப்புகளின் கூட்டுக் குழு ஒன்று. போர் முடிந்ததும் இந்தியாவுக்கென்று தனிச் சங்கம் வேண்டும் என்று 1920 மார்ச்சில் மசோதா வந்தது. அதே மாதம் அது 15ஆம் எண் சட்டமாக நிறைவேறியது. ஊரில் நாலு பேர் சேர்ந்து பதிவு அலுவலகத்தில் பதியும் சங்கம் போல அல்ல இது. தனிச் சட்டத்தால் பிறந்ததால், அந்தச் சட்டத்தை மாற்ற நாடாளுமன்றம்தான் வேண்டும். 1992இல் ஒரு முறை திருத்தினார்கள். அதையொட்டி 1994இல் விதிகள் வந்தன.

அந்த விதிகளின்படி தேசிய நிர்வாகக் குழுவில் 19 பேர். தலைவரையும் ஆறு உறுப்பினர்களையும் குடியரசுத் தலைவர் நியமிக்கிறார். மீதி 12 பேர் மாநில, ஒன்றியப் பிரதேசக் கிளைகளிலிருந்து தேர்தல் மூலம் வருகிறார்கள். அன்றாட வேலையைப் பார்ப்பவர் பொதுச் செயலாளர். நியமனமும் தேர்தலும் இப்படிக் கலந்திருப்பது தற்செயல் இல்லை. ஒரு நாட்டில் ஒரே ஒரு தேசியச் சங்கத்துக்குத்தான் அங்கீகாரம் என்பது உலகளாவிய விதி. அந்தச் சங்கம் மனிதநேயப் பணியில் அரசுக்குத் துணையாக இருக்க வேண்டும், அதே நேரத்தில் தன் கொள்கைப்படி முடிவெடுக்கும் சுதந்திரமும் அதற்கு இருக்க வேண்டும். 1965இல் வியன்னாவில் அறிவித்த ஏழு அடிப்படைக் கொள்கைகளில் இந்தச் சுதந்திரமும் ஒன்று. மனிதநேயம், பாரபட்சமின்மை, நடுநிலை, தன்னார்வச் சேவை, ஒற்றுமை, உலகளாவிய தன்மை ஆகியவை மற்றவை. அரசுப் பதவியில் இருப்பவரே தலைவராக இருக்கும்போது இந்தச் சுதந்திரம் எவ்வளவு இருக்கும் என்று கேட்டால், அது நியாயமான கேள்விதான். நடைமுறையில் அந்தந்தக் கிளையின் உறுப்பினர்கள் எவ்வளவு விழிப்பாக இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது அது.

இன்னொரு குழப்பமும் உண்டு: ரெட் கிராஸ் என்றால் எல்லாம் ஒரே அமைப்பு என்று நினைப்பது. போர்க் கைதிகளைப் பார்க்கப் போவது, சண்டை நடக்கும் இடத்தில் இரு தரப்போடும் பேசுவது எல்லாம் ஜெனீவாவில் இருக்கும் சர்வதேசக் குழுவின் வேலை. 1863இல் தொடங்கியது அது. இலங்கையில் போர்க்காலத்தில் மக்கள் பார்த்த வெளிநாட்டு ரெட் கிராஸ்காரர்கள் அந்தக் குழுவினர். இலங்கைக்கென்று தனியாக ஒரு தேசியச் சங்கமும் இருக்கிறது. எல்லா நாட்டுச் சங்கங்களும் சேர்ந்த கூட்டமைப்பு 1919இல் உருவானது. பேரிடரில் ஒரு நாட்டுச் சங்கத்துக்கு மற்ற நாட்டுச் சங்கங்களின் உதவி பெரும்பாலும் அதன் வழியாகத்தான் வரும். 2004 சுனாமிக்குப் பிறகு அப்படித்தான் வந்தது.

சரி, நமக்கு என்ன கிடைக்கும்? புயல், வெள்ளம் என்றால் தார்ப்பாய், போர்வை, கொசுவலை, வாளி, சமையல் பாத்திரம் போன்ற பொருட்களைச் சங்கம் தரும். முகாம்களில் தொண்டர்கள் இருப்பார்கள். உயிரிழப்புக்கும் வீடு இடிந்ததற்கும் பயிர்ச் சேதத்துக்கும் தரும் பணம் அரசின் பேரிடர் நிதியிலிருந்து வருவது. அதற்கு மனு கொடுக்க வேண்டிய இடம் வருவாய்த் துறை, அதாவது கிராம நிர்வாக அலுவலரும் தாசில்தாரும். இரண்டுக்கும் மேலே இருப்பவர் ஒரே கலெக்டர்தான். 2005ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாவட்ட ஆணையத்துக்கும் அவரே தலைவர். ஆனாலும் கணக்கு வேறு, கையிருப்பு வேறு. சங்கத்தின் பொருளை உரிமையாகக் கேட்டு வழக்குப் போட முடியாது. இருப்பதை, அதிகம் தேவைப்படுபவருக்கு முதலில் கொடுப்பதுதான் அதன் முறை.

அதிகம் கேள்வி வருவது ரத்தத்தைப் பற்றி. பல ஊர்களில் சங்கத்தின் ரத்த மையங்கள் இருக்கின்றன, எல்லா மாவட்டத்திலும் என்று சொல்ல முடியாது. ரத்தத்தை விற்கக் கூடாது. உச்ச நீதிமன்றம் 1996இல் தந்த தீர்ப்பின்படி, காசுக்கு ரத்தம் கொடுப்பது 1998 ஜனவரி 1 முதல் தடைசெய்யப்பட்டிருக்கிறது. அப்புறம் ஏன் பில் போடுகிறார்கள் என்றால், அது ரத்தத்தின் விலை அல்ல. பை, சேமிப்பு, எச்ஐவி, இரண்டு வகை மஞ்சள் காமாலைக் கிருமி, மேகநோய், மலேரியா ஆகிய ஐந்து பரிசோதனைகளின் செலவு. தலசீமியா, ஹீமோபிலியா, அரிவாள் செல் சோகை ஆகிய பரம்பரை ரத்த நோய்கள் உள்ளவர்களுக்கு இந்தக் கட்டணமும் வாங்கக் கூடாது என்பது தேசிய ரத்த மாற்றுக் குழுவின் வழிகாட்டுதல். இதைத் தெரியாமல் மாதாமாதம் பணம் கட்டும் குடும்பங்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கும், ஆகவே நோயாளியின் அட்டையைக் காட்டித் தயங்காமல் கேளுங்கள். கொடுப்பவருக்கு வயது 18 முதல் 65, எடை குறைந்தது 45 கிலோ. ஆண்கள் 90 நாளுக்கு ஒரு முறையும் பெண்கள் 120 நாளுக்கு ஒரு முறையும் கொடுக்கலாம்.

முதலுதவிப் பயிற்சியும் சங்கத்தின் பழைய வேலை. பள்ளிகளில் ஜூனியர் ரெட் கிராஸ், கல்லூரிகளில் யூத் ரெட் கிராஸ் என்று இருப்பதும் இதன் கிளைகளே. நடத்துநர் உரிமம் எடுக்கப் போகிறவர்களுக்கு முதலுதவிச் சான்றிதழ் தேவைப்படும். யார் தரும் சான்றிதழை ஏற்பார்கள் என்று வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு பணம் கட்டுவது நல்லது. அதிகம் பேருக்குத் தெரியாத சேவை ஒன்று: போரிலோ பேரிடரிலோ பிரிந்துபோன உறவினரைத் தேடித் தருவது. வெளிநாட்டில் காணாமல் போனவரைப் பற்றிச் சங்கத்தில் விண்ணப்பித்தால், அங்குள்ள தேசியச் சங்கம் வழியாக விசாரிப்பார்கள். இதற்குக் கட்டணம் இல்லை.

கடைசியாகச் சின்னம். வெள்ளைப் பின்னணியில் சிவப்புச் சிலுவை மருத்துவத்தின் பொதுச் சின்னம் இல்லை. டாக்டர் காரிலும் மருந்துக் கடைப் பலகையிலும் கிளினிக் வாசலிலும் அதைப் போடுவது, மத்திய அரசின் அனுமதி இல்லாவிட்டால், 1960ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கைச் சட்டத்தின் 12ஆம் பிரிவுப்படி குற்றம். 13ஆம் பிரிவு 500 ரூபாய் வரை அபராதம் விதிக்கிறது, சின்னம் போட்ட பொருளைப் பறிமுதலும் செய்யலாம். இந்த 500 ரூபாய்க்கு இன்று யார் பயப்படப் போகிறார்கள்! சட்டம் கவலைப்படுவது வேறு விஷயத்துக்கு. போர்க்களத்தில் படை மருத்துவர்களையும் ஆம்புலன்ஸையும் சுடக் கூடாது என்று காட்டும் அடையாளம் அது. எல்லாரும் ஒட்டினால் துப்பாக்கி வைத்திருப்பவன் அதை நம்ப மாட்டான். பல முஸ்லிம் நாடுகளின் சங்கங்கள் பயன்படுத்தும் சிவப்புப் பிறைக்கும் இதே பாதுகாப்பு உண்டு. 2005இல் சிவப்புப் படிகம் என்ற மூன்றாவது சின்னத்தையும் உலக நாடுகள் ஏற்றன. மருந்துக் கடைக்குப் பச்சைச் சிலுவை போட்டால் பிரச்சினை இல்லை.

நன்கொடை கொடுத்தாலோ ஆயுள் உறுப்பினராகச் சேர்ந்தாலோ கிளையின் பெயரில் எண்ணிட்ட ரசீது வாங்கிவிடுங்கள். தனி நபர் கணக்குக்குப் பணம் அனுப்பச் சொன்னால் அனுப்பாதீர்கள். உறுப்பினரானவர் கிளையின் பொதுக்குழுக் கூட்டத்துக்குப் போய் வரவு செலவுக் கணக்கைக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும்.