ரேப்போ பில்ட் பண்ணியாச்சு மேம்

போன வாரம் எங்கிட்ட இன்டர்ன்ஷிப் பண்ற ஒரு எம்எஸ்சி கவுன்சலிங் சைக்காலஜி பொண்ணு வெர்பேட்டம் எழுதிட்டு வந்து கொடுத்துச்சு. வெர்பேட்டம்னா, செஷன்ல யார் என்ன பேசினாங்கன்னு ஞாபகத்துல இருந்து வரிக்கு வரி எழுதுறது, பாக்குறதுக்கு நாடக வசனம் மாதிரி இருக்கும். ஒன்பதாங்கிளாஸ் பிள்ளை, திங்கக்கிழமை ஆனா வயித்து வலி, டாக்டர் பார்த்து ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாரு (அடையாளம் தெரியாதபடி சிலதை மாத்தித்தான் எழுதுறேன்). மூணு செஷன் முடிஞ்சிருச்சு, மூணுக்கும் கீழ "ரேப்போ எஸ்டாப்ளிஷ்ட்"னு இருக்கு, அதாவது பிள்ளைக்கு நம்ம மேல நம்பிக்கை வந்து மனசு ஒட்டிருச்சுன்னு அர்த்தம். உள்ள படிச்சா அந்தப் பிள்ளை மொத்தமா பேசினது "ம்", "தெரியல மிஸ்", "பெல் அடிச்சிருச்சு மிஸ்". அவ்வளவுதான்.

நீ என்னம்மா கேட்டன்னு பார்த்தா, "இந்த வலி உனக்குள்ள என்ன உணர்வை ஏற்படுத்துகிறது?" அப்படின்னு ஒரு கேள்வி. இங்கிலீஷ் புக்ல இருக்கிறதை மனசுக்குள்ளயே மொழிபெயர்த்து கேட்டிருக்கு பாவம். எந்த வீட்ல யாரு இப்படிப் பேசுவாங்க. அடுத்த தடவை வேற எதுவும் வேணாம், வலி எப்ப வருது எப்ப போகுதுன்னு மட்டும் கேளு, திங்கக்கிழமை முத பீரியட் யாருன்னு கேளுன்னு சொல்லி அனுப்பினேன். நாலாவது வெர்பேட்டம் ஒன்றரைப் பக்கம், பாதிக்கு மேல அந்தப் பிள்ளை பேசினது. வலி ஞாயித்துக்கிழமை ராத்திரி சாப்பிடும்போதே ஆரம்பிக்குதாம், முத பீரியட் முடிஞ்சா போயிருமாம், அந்தப் பீரியட்ல வாய்ப்பாடு ஒப்பிக்கலன்னா வெளிய நிக்கணும், வெளிய நின்னா எதிர் கிளாஸ்ல படிக்கிற மாமா பையன் பார்த்துட்டு வீட்ல போய் சொல்லிருவான். வயித்து வலிக்குள்ள இவ்வளவும் இருந்துச்சு.

இந்த நாலாவது வெர்பேட்டத்துக்கு முன்னாடி எங்களுக்குள்ள நடந்த அந்த முக்கா மணி நேரம் இருக்குல்ல, அதுக்குப் பேருதான் சூப்பர்விஷன். கவுன்சலர் ட்ரெய்னிங்னா என்னைப் பொறுத்தவரைக்கும் அதுதான், மத்ததெல்லாம் பாடம். பாடம் வேணாம்னு சொல்லல, கார்ல் ரோஜர்ஸ்னு ஒரு அமெரிக்க சைக்காலஜிஸ்ட், கவுன்சலர்கிட்ட என்னென்ன இருக்கணும்னு 1957ல எழுதினதை இன்னைக்கும் நான் பசங்களுக்குச் சொல்லிட்டுத்தான் இருக்கேன், ஆனா எம்பதி (எதிர்ல இருக்கிறவங்க மனசை அவங்க இடத்துல இருந்து புரிஞ்சுக்கிறது)ன்னா என்னன்னு அஞ்சு மார்க்குக்கு எழுதத் தெரிஞ்ச பிள்ளைக்கு எதிர்ல ஒருத்தர் அழுதா தண்ணி பாட்டிலை நீட்டத்தான் தோணுது, அழுறதை நிப்பாட்டணும்னு. நானும் அப்படித்தான் நீட்டினேன் ஒரு காலத்துல.

அமெரிக்காவுல இதை மணிக்கணக்கு போட்டே வச்சிருக்காங்க. அங்க கேக்ரெப்னு ஒரு அமைப்பு, கவுன்சலிங் மாஸ்டர்ஸ் கோர்ஸுக்கு அங்கீகாரம் கொடுக்கிறவங்க, ஸ்கூல் கவுன்சலிங்னாலும் சரி, கிளினிக்ல, ஊருக்குள்ள பண்ற கவுன்சலிங்னாலும் சரி, முதல்ல 100 மணி நேரம் ப்ராக்டிகம்னு செஞ்சு பழகுற கட்டம், அதுல 40 மணி நேரமாவது ஆளுக்கு எதிர்ல உக்காந்து பேசணும், அப்புறம் 600 மணி நேரம் இன்டர்ன்ஷிப், அதுல 240 நேரடியா. இது அத்தனையும் நடக்கும்போதே வாரா வாரம் சராசரியா ஒரு மணி நேரம் தனி சூப்பர்விஷன், குரூப்ல தனியா ஒன்றரை மணி நேரம். நம்ம ஊர்ல இப்படி எல்லாருக்கும் பொதுவா ஒரு கணக்கு கிடையாது, காலேஜுக்குக் காலேஜ் வேற. எம்எஸ்டபிள்யூ, அதாவது சோஷியல் ஒர்க் படிக்கிற பிள்ளைங்களுக்காவது வாரம் ரெண்டு நாள் ஃபீல்ட் ஒர்க்னு பழக்கம் இருக்கு, சைக்காலஜி பிள்ளைங்க சிலது ஏழு நாள் ஆன்லைன் இன்டர்ன்ஷிப் சர்டிஃபிகேட்டை ஜிபேல காசு கட்டி வாங்கிட்டு வந்து என் முன்னாடி வைக்குது. அதுல நீ யாருகிட்ட பேசினன்னு கேட்டா வெபினார் பார்த்தேன் மேம்னு சொல்லுது. அதுங்களை நான் திட்டுறதில்ல, யாரும் அதுங்ககிட்ட வேற வழி காட்டல.

லைசென்ஸ் பத்தி நிறைய பேர் கேக்குறீங்க. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டுக்கு ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) ரிஜிஸ்ட்ரேஷன் இருக்கு, வெறும் எம்ஏ சைக்காலஜி முடிச்சிட்டு அந்தப் பேரைப் போர்டுல போட்டுக்கக் கூடாது. கவுன்சலர்களுக்கு 2021ல வந்த அலைட் ஹெல்த்கேர் சட்டத்துல இடம் இருக்கு, அது கீழதான் ஒவ்வொண்ணா வந்துட்டிருக்கு. 2025ல யுஜிசி சைக்காலஜியை தபால்ல, ஆன்லைன்ல நடத்தக்கூடாதுன்னு சொன்னதும் இதை வச்சுத்தான். வேலைக்குப் போயிட்டே படிக்க நினைச்ச பொம்பளைங்களுக்கு இதுல அடி, அது எனக்கும் வருத்தம்தான், ஆனா பேசிப் பழக வேண்டிய ஒண்ணை தபால்ல எப்படிக் கத்துக்கிறதுன்னும் தோணுது.

சரி, புக்ல இல்லாத விஷயத்துக்கு வரேன். இங்கிலீஷ்ல "யூ"ன்னு ஒண்ணு போதும். நமக்கு ப்ளஸ் டூ பையனை நீன்னு கூப்பிடுறதா நீங்கன்னு கூப்பிடுறதான்னு முத வாக்கியத்துலயே முடிவு பண்ணியாகணும். நீங்கன்னா அவன் கிண்டல் பண்றாங்கன்னு நினைப்பான், நீன்னா இன்னொரு வாத்தியார்னு நினைப்பான். நான் "தம்பி"ல ஆரம்பிச்சு அவன் எப்படி உக்கார்றான்னு பார்த்து மாத்திக்குவேன். ஊருக்குள்ள போனா இன்னும் சிக்கல். மகளிர் குழு மீட்டிங்ல அம்பது வயசு அம்மாவை ஒரு இன்டர்ன் "ஆன்ட்டி"ன்னு கூப்பிட்டுச்சு, அந்தம்மா அதுக்கப்புறம் இன்டர்னைப் பார்க்கவே இல்ல, என்னைப் பார்த்தே பதில் சொன்னாங்க. வெளிய வந்து "அக்கான்னோ அம்மான்னோ சொல்லியிருக்கலாம்ல"ன்னு சொன்னா, மேம் கிளையண்ட்டை உறவுமுறை சொல்லிக் கூப்பிட்டா பவுண்டரி, அதான் கவுன்சலருக்கும் கிளையண்ட்டுக்கும் நடுவுல இருக்க வேண்டிய எல்லை, போயிரும்னு கிளாஸ்ல சொன்னாங்கங்குது. பவுண்டரி எங்கம்மா, நாம உக்காந்திருந்ததே அவங்க வீட்டுத் திண்ணைல, நிலைக்கு உள்பக்கம் மாமியார், மூணு வீடு தள்ளி குடிச்சிட்டுப் படுத்திருக்கிற புருஷன். அங்க ரகசியம் காக்கிறதுன்னா குழாயடிக்குத் தண்ணி எடுக்க அவங்க கூடவே நடந்து போறது. ரூமுக்குள்ள ரெண்டு சேர் போட்டுப் படிச்ச பிள்ளைக்கு இது ஒரு மாசம் கூடவே வந்து பார்த்தாத்தான் பிடிபடும்.

வார்த்தையும் அப்படித்தான். டிப்ரஷன்னு யாரும் வந்து சொல்ல மாட்டாங்க. மனசு சரியில்லம்பாங்க, நெஞ்சு படபடங்குதும்பாங்க, கைகால் ஓயுது, ஒண்ணும் ஓடல, ஒரு மாதிரியா இருக்கு. அந்த "ஒரு மாதிரி"யை அவங்க வாயாலயே பிரிக்க வைக்கிறதுலதான் பாதி வேலை.

ஒரு விஷயத்துல மட்டும் நான் ரொம்ப கறார். "நீ சொல்றதை யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்"னு எந்த இன்டர்னும் எந்தப் பிள்ளைகிட்டயும் வாக்கு கொடுக்கக் கூடாது. பதினெட்டு வயசுக்குக் கீழ உள்ள பிள்ளை மேல பாலியல் குற்றம் நடந்திருக்குன்னு தெரிஞ்சா போக்ஸோ சட்டம் 19வது பிரிவுப்படி போலீஸுக்குச் சொல்லியே ஆகணும், சொல்லலன்னா 21வது பிரிவுல தண்டனை இருக்கு, கவுன்சலர்னு விலக்கெல்லாம் கிடையாது. வாக்கு கொடுத்துட்டு அப்புறம் சொன்னா அந்தப் பிள்ளைக்கு அது இன்னொரு துரோகம். அதனால முத நாளே, "நீ பேசுறது நமக்குள்ளதான், ஆனா உன் உயிருக்கு, உடம்புக்கு ஆபத்துன்னா நான் சிலரைக் கூப்பிட வேண்டியிருக்கும், கூப்பிடுறதுக்கு முன்னாடி உன்கிட்ட சொல்லிட்டுத்தான் கூப்பிடுவேன்"னு சொல்லப் பழக்குறேன். கண்ணாடி முன்னாடி நின்னு பத்து தடவை சொல்லிப் பாருன்னு அனுப்புவேன். அதே மாதிரி ஸ்டாஃப் ரூம்ல டீ குடிக்கும்போது "அவன் என்ன சொன்னான்?"னு கேட்பாங்க, சாதாரணமா, அக்கறையோடதான் கேட்பாங்க. அதுக்குப் பதிலையும் முன்னாடியே ரெடி பண்ணி வச்சுக்கணும்.

இன்னொண்ணு, என் தப்பு. படிச்சு முடிச்ச முத வருஷம், ஒரு லெவன்த் பையன் போகிற போக்குல "நான் இல்லாம இருந்தா எல்லாருக்கும் நிம்மதி மேம்"னான். எனக்கு உள்ள திக்குன்னு ஆயிருச்சு, "சேச்சே அப்படியெல்லாம் பேசக்கூடாதுப்பா"ன்னு சொல்லிட்டு பேச்சை மார்க்குக்குத் திருப்பிட்டேன். அடுத்த தடவை வந்தப்ப அவன் கிரிக்கெட் மட்டுந்தான் பேசினான். இந்தம்மாவுக்கு இது தாங்காதுன்னு அவன் முடிவு பண்ணிட்டான், அவ்வளவுதான். நல்லவேளை, எனக்கு ஒரு சீனியர் இருந்தாங்க, நோட்டைப் படிச்சிட்டு அன்னைக்கே என்னைத் திரும்ப அனுப்பினாங்க, "செத்துப் போகலாம்னு தோணுதான்னு அதே வார்த்தையில கேளு, கேட்டா எண்ணம் வந்துராது"ன்னு சொல்லி. கேட்டேன். தோணுதுன்னான். அப்புறம் வீட்டாளுங்களை வரச் சொன்னது, டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனது எல்லாம் நடந்துச்சு, அவன் இன்னைக்கு வேலைக்குப் போயிட்டிருக்கான். அந்த சீனியர் இல்லன்னா என்ன ஆகியிருக்கும்னு நான் யோசிக்கிறதே இல்ல. இப்பல்லாம் இருபத்திநாலு மணி நேரமும் டெலிமானஸ்னு அரசாங்கத்தோட மனநல ஹெல்ப்லைன் 14416 இருக்கு, தமிழ்லயே பேசலாம், பிள்ளைங்களுக்கு 1098 ஹெல்ப்லைன் இருக்கு, இன்டர்ன்ஸ் எல்லாரும் ரெண்டையும் ஐடி கார்டு பின்னாடி எழுதி வச்சிருக்கணும்னு ரூல் போட்டிருக்கேன்.

ஜூன்ல அட்மிஷனுக்கு அலையிற பிள்ளைங்க, அவங்க அப்பா அம்மா, கேம்பஸ்ல ஏசி ஹால் இருக்கா, ப்ளேஸ்மெண்ட் எத்தனைன்னு கேக்குறதுக்கு முன்னாடி இதைக் கேளுங்க. நேரடியா எத்தனை மணி நேரம் ஆளுங்ககிட்ட பேச விடுவீங்க, அதை யார் உக்காந்து படிப்பாங்க, அவங்க இப்பவும் கிளையண்ட் பார்க்கிறாங்களா, ரோல் ப்ளே தமிழ்ல பண்ணுவீங்களா. "அதெல்லாம் பிள்ளைங்களே வெளிய பார்த்துக்குவாங்க"ன்னு பதில் வந்தா, வேற காலேஜ் பாருங்க, வேற காலேஜ் இல்லன்னா ஃபீஸ் போக கொஞ்சம் காசை தனியா எடுத்து வச்சுக்கோங்க, சூப்பர்வைசரை நீங்களேதான் தேட வேண்டியிருக்கும்.