சில்வர் ஓக்கில் ஒரு பெயிண்ட் குறி

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் தேயிலைக்கு நடுவே நிற்கும் சில்வர் ஓக் மரங்கள் சிலவற்றில் பெயிண்டால் நம்பர் போட்டிருப்பார்கள். அதனால் மரத்துக்கு ஒன்றும் ஆவதில்லை. நம்பரைப் பார்த்து வருகிறவர் கணக்கெடுக்க வந்தவரா, ரம்பத்தோடு வந்தவரா என்பதில்தான் மரத்தின் ஆயுள் இருக்கிறது. இரைப்பைப் புற்றுநோயில் ஆர்.என்.ஏ. படும் பாடும் கிட்டத்தட்ட இதுதான்.

மரபணுவின் கட்டளையை நகலெடுத்து, புரதம் தயாராகும் இடத்துக்குக் கொண்டுபோவது தூது ஆர்.என்.ஏ. அதன் எழுத்துகள் நான்கே. ஆனால் செல் அவற்றின் மேல் சின்னச் சின்ன வேதிக்குறிகளை ஒட்டி வைக்கிறது. ஆர்.என்.ஏ.க்களில் இப்படி 170 வகைக்கும் மேல் தெரியவந்திருக்கிறது. தூது ஆர்.என்.ஏ.வுக்குள் அதிகம் தென்படுவது எம்6ஏ: அந்த நான்கு எழுத்துகளில் ஒன்றான அடினினில் மீத்தைல் என்ற சின்ன வேதித்துண்டு ஒட்டிக்கொள்வது, அவ்வளவுதான். 1974இலேயே கண்டுபிடித்த குறி. 2011இல் சிகாகோவில் சுவான் ஹே என்ற வேதியியலாளரின் குழு, எஃப்.டி.ஓ. என்ற நொதி இதை அழிக்கிறது என்று காட்டிய பிறகுதான் ஆராய்ச்சி சூடுபிடித்தது. அழிக்க முடிகிற குறி என்றால், செல் அதை வேண்டும்போது போட்டு, வேண்டாதபோது எடுக்கலாம் அல்லவா?

குறி போடும் முக்கிய நொதி மெட்டில்3. படிக்கும் புரதங்கள் பல. ஒய்.டி.எச்.டி.எஃப்2 படித்தால் ஆர்.என்.ஏ. சிதைக்கப்படும். ஐ.ஜி.எஃப்2.பி.பி. குடும்பம் படித்தால் அதே குறி ஆர்.என்.ஏ.வைக் காப்பாற்றும். எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

இரைப்பைக் கட்டிகளில் மெட்டில்3 மிகுந்திருப்பதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. 2020இல் வந்த ஓர் ஆய்வு அதன் வழியையும் காட்டியது. மெட்டில்3, எச்.டி.ஜி.எஃப். என்ற வளர்ச்சிப் புரதத்தின் ஆர்.என்.ஏ.வில் குறி போடுகிறது. காப்பாற்றும் வகைப் புரதம் அதைப் படிக்கிறது. சிதைய வேண்டிய நகல் நிலைத்து, புரதம் குவிகிறது. கட்டியைச் சுற்றிப் புது ரத்தக்குழாய்கள் முளைக்கின்றன, செல்கள் சர்க்கரையை வேகமாக எரிக்கின்றன, நோய் கல்லீரலுக்குப் பரவ வழி கிடைக்கிறது.

இந்தப் புற்றுநோய்க்குப் பெரிய காரணம் ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற பாக்டீரியா. 1994இலேயே இதைப் புற்றுநோய்க் காரணி என்று அறிவித்துவிட்டார்கள். ஆன்டிபயாட்டிக்கால் ஒழிக்கக்கூடியதுதான். மாதக்கணக்கில் வயிறு எரிந்தும் கேஸ் மாத்திரையைப் போட்டுக்கொண்டு கொழுந்து பறிக்கப் போகிறவர்கள், தயவுசெய்து ஒருமுறை டாக்டரிடம் கேட்டு இதற்கான டெஸ்ட் எடுத்துவிடுங்கள்.

சரி, மெட்டில்3ஐ அடக்க மருந்து உண்டா? 2022இல் மனிதர்களிடம் சோதனை தொடங்கிவிட்டது. ஆனால் ரத்தம் ஊறுவதற்கான செல்களுக்கும் இந்தக் குறி வேண்டும். பெயிண்ட் டப்பாவையே பிடுங்கிக்கொண்டால் நல்ல மரங்களுக்கும் நம்பர் இருக்காது. அதனால்தான் சில குழுக்கள் குறி போடும் நொதியை விட்டுவிட்டு, அதைப் படிக்கும் புரதங்களைத் தடுக்கப் பார்க்கின்றன.