“குளுக்கோஸ்தானே டாக்டர்!”

இந்த மாதம் என்னிடம் வந்த மூன்றாவது கை இது. 68 வயதுப் பாட்டி. சர்க்கரை இறங்கி மயங்கியவருக்குப் புறங்கை வென்ஃப்ளான் (மருந்து ஏற்ற ரத்தக்குழாயில் செருகும் சிறு குழாய்) வழியாக 25% டெக்ஸ்ட்ரோஸ், அதாவது கெட்டியான குளுக்கோஸ், ஏற்றியிருக்கிறார்கள். பாட்டி கண் விழித்துவிட்டார், கை வீங்கிவிட்டது. “எரியுது” என்றவரிடம் “கொஞ்சம் பொறுத்துக்குங்க” என்று சொல்லி, ஊசியைப் பிடுங்கிப் பஞ்சை ஒட்டி அனுப்பிவிட்டார்கள். வீட்டில் கல் உப்பு ஒத்தடம் வேறு. ஐந்தாம் நாள் நான் பார்க்கும்போது தோல் கன்னங்கரேலென்று கருகியிருந்தது. அதை வெட்டி எடுத்தால் அடியில் தசைநாண் தெரிகிறது.

“குளுக்கோஸ்தானே டாக்டர், அது எப்படி?” என்கிறார் மகன்.

அந்தப் பெயரில்தான் வினையே. பாட்டிலில் தொங்கும் 5% குளுக்கோஸ் ரத்தக்குழாயை விட்டுச் சதைக்குள் கசிந்தால் பெரும்பாலும் தானே வடிந்துவிடும். 25% அதைவிட ஐந்து மடங்கு கெட்டி, 50% பத்து மடங்கு. நறுக்கிய மாங்காயில் உப்பைப் போட்டுப் பிசறினால் தண்ணீர் விடுமே, சதைக்குள் இது செய்வதும் அதுதான். கால்சியம், பொட்டாசியம், வலிப்புக்கான ஃபெனிடாயின், பிரஷரை ஏற்றும் நார்அட்ரினலின், சில புற்றுநோய் மருந்துகள் எல்லாமே வெளியே கசிந்தால் சதையைத் தின்பவைதான். எல்லாவற்றையும் ‘ட்ரிப்ஸ் வீக்கம்’ என்று எழுதி அனுப்பாதீர்கள்.

சிஸ்டர்களே, லைன் அவுட், அதாவது மருந்து ரத்தக்குழாய்க்கு வெளியே போகிறது என்று தெரிந்ததும் மருந்தை நிறுத்துங்கள். வென்ஃப்ளானை உடனே பிடுங்க வேண்டாம். சிரிஞ்சை மாட்டி, கசிந்த மருந்தை வருகிற மட்டும் உறிஞ்சி எடுத்த பிறகு கழற்றுங்கள். ஓடுகிறதா பார்க்கிறேன் என்று சலைனைத் தள்ளவே கூடாது. வீக்கத்தின் விளிம்பைப் பேனாவால் வரைந்து நேரத்தைக் குறியுங்கள். கையை உயர்த்தி வையுங்கள், தேய்க்காதீர்கள். ஒத்தடமும் மருந்தைப் பொறுத்தது: புற்றுநோய் மருந்துகளிலேயே டாக்ஸோரூபிசினுக்குக் குளிர், வின்கிரிஸ்டினுக்குச் சூடு. மாற்றி வைத்தால் கெட்டது.

கசிந்த மருந்தை முறிக்கும் மருந்துகளுக்கு நேரம் முக்கியம். டாக்ஸோரூபிசின் கசிந்தால் டெக்ஸ்ராஸாக்ஸேனை 6 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். நார்அட்ரினலினுக்கு ஃபென்டோலமைன். டெக்ஸ்ட்ரோஸுக்கு ஹையலுரோனிடேஸ். ஹையலுரோனிடேஸ் ஸ்டாக் இல்லை என்று கை விரிக்கும் முன் கண் ஆபரேஷன் தியேட்டரில் கேட்டுப் பாருங்கள், மரப்பு ஊசியில் கலக்க அங்கே வைத்திருப்பார்கள்!

கூட இருப்பவர்களுக்கு ஒன்று. குழந்தையும் மயக்கத்தில் இருப்பவரும் எரிகிறது என்று சொல்ல மாட்டார்கள். போர்வையை விலக்கி நீங்கள்தான் பார்க்க வேண்டும். வீட்டுக்குப் போன பின் கொப்புளமோ நிறமாற்றமோ தெரிந்தால் அன்றைக்கே வாருங்கள். என்ன மருந்து ஏறியது என்ற சீட்டையும் மறக்காமல் கொண்டு வாருங்கள்.