இன்ஸ்ட்ரக்‌ஷனல் டிசைனர்: எந்த அளவுக்கு டெக்னிக்கல்?

மின்கற்றல் நிறுவனங்களில் இந்தப் பதவியைச் சுருக்கி 'ஐடி' என்பார்கள். தமிழில் எழுதினால் தகவல் தொழில்நுட்பமும் அதே 'ஐடி'தான். கோடிங் தெரியுமா என்ற கேள்வி இவர்களைத் துரத்துவதில் வியப்பில்லை.

பயிற்சி முடிந்ததும் கற்பவர் எதைச் செய்துகாட்ட வேண்டும் என்று முதலில் முடிவுசெய்து, அதற்கேற்பப் பாடத்தின் வரிசை, எடுத்துக்காட்டு, பயிற்சி, தேர்வு ஆகியவற்றைத் திட்டமிடுபவரே இன்ஸ்ட்ரக்‌ஷனல் டிசைனர். பாடப்பொருளைத் துறை வல்லுநர் தருவார். படம் வரைவதும் மென்பொருள் எழுதுவதும் வழக்கமாக வேறு ஆட்களின் வேலை.

சொல்லின் முதல் பாதி லத்தீனின் 'இன்ஸ்ட்ருவெரே'. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கு, கட்டு, ஆயத்தம் செய் என்று பொருள்படும். 'டிசைன்' என்பதன் வேர் 'தேசிக்னாரே', அதாவது குறித்துக்காட்டு. தொழிலாக இது வளர்ந்தது அமெரிக்க ராணுவத்தை ஒட்டி. இரண்டாம் உலகப்போரில் ஏராளமான வீரர்களுக்கு விரைந்து பயிற்சி தர வேண்டியிருந்தது. ராபர்ட் கான்யே போன்ற உளவியலாளர்கள் அந்தப் பணியிலிருந்து வந்தவர்கள். 1975இல் புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகம் ராணுவத்துக்கு வகுத்துத் தந்த ஐந்து கட்ட நடைமுறைதான் இன்று ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து 'ஆடி' (ADDIE) என்று சொல்லப்படும் பகுப்பாய்வு, வடிவமைப்பு, உருவாக்கம், நடைமுறைப்படுத்தல், மதிப்பீடு என்பதற்கு மூலம். அதில் ஐந்தாவது கட்டத்தின் பெயர் அப்போது 'கட்டுப்பாடு'.

தமிழில் 'அறிவுறுத்தல் வடிவமைப்பாளர்' என்று இயந்திர மொழிபெயர்ப்பில் வருவது பிழை. அறிவுறுத்தல் என்றால் புத்திமதி. 'கற்றல் வடிவமைப்பாளர்' என்பதை லேர்னிங் டிசைனருக்கு விட்டுவிடலாம். 'கற்பித்தல் வடிவமைப்பாளர்' பொருந்துகிறது. நீளம்தான், ஆனால் மூலச்சொல் மட்டும் குட்டையா என்ன?

இனி, தொழில்நுட்பம் எவ்வளவு வேண்டும்? தான் வடிவமைத்த பாடம் எல்எம்எஸ்ஸில், அதாவது பாடங்களை வழங்கிக் கற்பவரின் பதிவுகளை வைத்திருக்கும் மென்பொருளில், ஏன் சரியாக ஓடவில்லை என்று கண்டுபிடிக்கும் அளவுக்கு. ஸ்டோரிலைன் போன்ற பாடம் உருவாக்கும் கருவியில் லேயர் (ஸ்லைடின்மேல் வரும் அடுக்கு), ட்ரிகர் (எதைச் செய்தால் என்ன நடக்கும் என்ற கட்டளை), வேரியபிள் (மாறும் மதிப்பைச் சேமிக்கும் இடம்) மூன்றும் கைவந்திருந்தால் தயாரிப்பில் பெரும்பகுதியைச் சமாளிக்கலாம். சறுக்குவது அதற்குப் பிறகு, ஸ்கார்மில்.

ஸ்கார்ம் என்பது பாடமும் எல்எம்எஸ்ஸும் பேசிக்கொள்வதற்கு அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் மின்கற்றல் திட்டமான ஏடிஎல் வகுத்த விதிமுறை. 2001இல் வந்த 1.2 பதிப்பு இன்றும் பரவலாகப் புழங்குகிறது. அதில் நிலையைப் பதிய ஒரே ஒரு புலம்தான்: 'கம்ப்ளீட்டட்', 'பாஸ்டு' இரண்டும் அதற்குள்ளேயே வர வேண்டும். பாடம் 'பாஸ்டு' என்று அனுப்ப, எல்எம்எஸ் 'கம்ப்ளீட்டட்' வரட்டும் என்று காத்திருந்தால், தேர்வில் 90 வாங்கியவரும் பதிவேட்டில் முடிக்காதவராகவே நிற்பார். பப்ளிஷ் செய்யும் முன் எல்எம்எஸ் நிர்வாகியிடம் எந்தச் சொல் வேண்டும் என்று கேட்டு அமைப்பது ஐந்து நிமிட வேலை. 2004 பதிப்பில் முடித்ததற்கும் தேறியதற்கும் தனித்தனிப் புலங்கள் வந்துவிட்டன.

அடுத்த தொல்லை, விட்ட இடம். கற்பவர் எங்கே நிறுத்தினார், எதற்கு என்ன விடை தந்தார் என்பதைச் சேமிக்க 1.2 தரும் இடம் 4,096 எழுத்துகள். ஸ்லைடுகளும் கேள்விகளும் பெருகிய பாடத்தில் இது நிரம்பிவிடும். மறுநாள் திறந்தால் முதல் ஸ்லைடிலிருந்து தொடங்கும், அல்லது பழைய இடத்திலேயே நிற்கும். பாடத்தைப் பிரிக்கலாம், இல்லையென்றால் 64,000 எழுத்துகள் தரும் 2004 மூன்றாம் பதிப்புக்கு மாறலாம், எல்எம்எஸ் அதை ஏற்குமானால்.

பாடத்தை ஏற்றவே முடியவில்லை என்றால் முதலில் ஜிப் கோப்பைத் திறந்து பாருங்கள். பாடத்தில் என்னென்ன இருக்கின்றன என்று எல்எம்எஸ்ஸுக்குச் சொல்லும் மேனிஃபெஸ்ட் கோப்பு ஜிப்பின் மேல்மட்டத்திலேயே இருக்க வேண்டும். உள்ளிருக்கும் கோப்புகளைச் சுருக்காமல் ஃபோல்டரையே சுருக்கினால் அது ஒரு படி உள்ளே போய்விடும், எல்எம்எஸ் கண்ணில் படாது.

தமிழ்ப் பாடம் என்றால் இன்னொன்று: வல்லுநர் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டித் தந்த உரையை அப்படியே ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். திரைக்குத் திரை என்ன வரும் என்று எழுதிவைக்கும் ஸ்டோரிபோர்டு கட்டத்திலேயே யுனிகோடுக்கு மாற்றிவிட வேண்டும். ஆடியோ பதிவான பிறகு மாற்றினால் திரையையும் ஒலியையும் வரிக்கு வரி மறுபடி சரிபார்க்க நேரும்.

கோடிங் அறவே வேண்டாமா? கற்பவரின் பெயரோடு சான்றிதழ் வேண்டும் என்று கேட்பார்கள். ஸ்கார்ம் 1.2 பெயரைத் தருவது 'குடும்பப்பெயர், பெயர்' என்ற வரிசையில். நம்மூரில் குடும்பப்பெயர் கட்டத்தில் இனிஷியலைத்தான் போடுவோம். ஆகவே சான்றிதழில் 'கு, மீனாட்சி' என்று அச்சாகும். காற்புள்ளியில் வெட்டி இரண்டையும் சேர்க்க நாலைந்து வரி ஜாவாஸ்கிரிப்ட் போதும். அதை எழுதத் தெரியாவிட்டாலும், எந்த இடத்தில் என்ன மாற வேண்டும் என்று டெவலப்பருக்குச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.